கரி அள்ளிய கை, கறி சமைத்த கை



டிப்ளமோ முடித்ததும் ஒரு தடவையாவது வெளிநாடு போய்விட வேண்டும் என்ற ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை? ஆனால் இங்கிலாந்து போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது சாப்பாட்டுக் குறைதான். "இண்டியன் ரெஸ்டாரண்ட்னு போர்டு போட்டிருந்தான். ஆசையா உள்ளே போனா, நம்ம சாப்பாடே இல்லப்பா அது. சுத்த ஏமாத்து!" என்பார்கள்.

ஏமாத்து இல்லை என்பது என் கட்சி.

அந்த மெனு கார்டில் கோர்மா, மெட்ராஸ், விண்டாலூ என்று வரிசையாக இருக்கும். இவையெல்லாம் அங்கே காரத்தின் அளவுகள். கோர்மா என்றால் காரம் இல்லை. மெட்ராஸ் என்றால் நல்ல காரம். விண்டாலூ என்றால் கண்ணில் தண்ணீர்! 'மெட்ராஸ்' என்று ஒரு குழம்பை நம் சென்னையில் எந்த வீட்டிலும் வைப்பதில்லை. 1996ல் ஊர்ப் பெயரே மாறிவிட்டது, அங்கே குழம்பின் பெயர் மாறவில்லை. நமக்குச் சிரிப்பு வருவது நியாயம்தான். ஆனால் சிரிப்பதற்கு முன் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்க வேண்டாமா?

லண்டனில் முதல் இந்திய உணவகத்தை 1810ல் திறந்தவர் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது. 1812ல் அவர் திவாலாகிவிட்டார். 1926ல் எட்வர்ட் பால்மர் என்பவர் 'வீராசாமி' என்ற பெயரில் ஒன்று தொடங்கினார். அது வசதியானவர்கள் போகிற இடம். சாதாரணத் தெருவுக்கு அந்தச் சாப்பாட்டைக் கொண்டு போனவர்கள் வேறு ஆட்கள்.

பிரிட்டிஷ் ஆட்சியில் நீராவிக் கப்பல்களின் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட ஆள் தேவைப்பட்டது. இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் சில்ஹெட் பகுதியிலிருந்து நிறையப் பேர் அந்த வேலைக்குப் போனார்கள். பாய்லர் ரூம் வெக்கை எப்படியிருக்கும் என்று மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் போனவர்களில் சிலர் லண்டன் துறைமுகத்தில் இறங்கினார்கள், திரும்ப ஏறவில்லை. ஓட்டல்களில் தட்டு கழுவினார்கள், வெங்காயம் உரித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், குண்டு வீச்சில் அடிபட்ட சிறு கடைகளை எடுத்துச் சொந்தமாக நடத்தத் தொடங்கினார்கள். மதுக்கடை மூடிய பிறகும் ராத்திரியில் திறந்து வைத்தார்கள். வெள்ளைக்காரர் கேட்டால் உருளைக்கிழங்கு வறுவலும் கொடுத்தார்கள்.

1947ல் அவர்கள் ஊர் பாகிஸ்தானோடு சேர்ந்தது. 1971ல் வங்கதேசம் ஆனது. போர்டு மட்டும் 'இண்டியன்' என்றே இருந்தது. காரணம் ரொம்ப எளிது. வருகிற வாடிக்கையாளருக்குத் தெரிந்த பெயர் அதுதான்!

அவர்களின் சமையல் முறையைப் பாருங்கள், நம் ஒர்க்‌ஷாப் ஞாபகம் வரும். வெங்காயத்தை மசாலாவோடு வேகவைத்து அரைத்து, ஒரு பெரிய அண்டாவில் பொதுவான குழம்பு ஒன்று தயாராக இருக்கும். கறியும் முன்கூட்டியே வெந்திருக்கும். ஆர்டர் வந்ததும் வாணலியில் இரண்டையும் சேர்த்து, மிளகாய்த்தூளைக் கூட்டினால் மெட்ராஸ், தேங்காயும் கிரீமும் சேர்த்தால் கோர்மா. சில நிமிடங்களில் தட்டு மேஜைக்குப் போய்விடும். பாகங்களை முதலிலேயே செய்து வைத்து, தேவைக்கு ஏற்றபடி அசெம்பிளி செய்கிற வேலை இது! இதை அவர்களுக்கு எந்தப் பாலிடெக்னிக்கும் கற்றுத் தரவில்லை. 2001ல் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவைத் தங்கள் நாட்டின் தேசிய உணவு என்றே பேசினார். கரி அள்ளிய கைக்குக் கிடைத்த மரியாதை அது என்பேன்.

"இருந்தாலும் ஒரிஜினல் இல்லையே?" என்று கேட்கலாம். எது ஒரிஜினல்? நம் குழம்பில் இருக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படியே. ஐரோப்பியர் கப்பலில் வந்ததை நம் பாட்டிமார் நமதாக்கிக் கொள்ளவில்லையா? நம் மிளகுத் தண்ணீர் அங்கே போய் 'மல்லிகட்டானி' சூப் ஆகவில்லையா?

எனக்கு உள்ள வருத்தம் வேறு. அந்தச் சமையல்காரர்கள் கடை மூடிய பிறகு தங்களுக்கென்று தனியாக ஒரு குழம்பு வைத்துச் சாப்பிடுவது வழக்கம். மீன், பருப்பு என்று தங்கள் ஊர்ச் சாப்பாடு. அது பெரும்பாலும் மெனு கார்டில் ஏறவே இல்லை. ஊராருக்குச் சமைத்தவன் ஊர் எது என்று சாப்பிட்டவன் கேட்கவே இல்லை. குறை சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள்.

அவர்கள் பிள்ளைகளில் பலர் இன்று படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அடுப்பில் நிற்க ஆள் இல்லாமல் கடைகள் பல மூடப்படுகின்றன. அதற்காக நான் அழ மாட்டேன். பிள்ளை அடுப்பில் நிற்கக் கூடாது என்றுதானே அப்பா நின்றார்? எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். நம்மில் பலரும் அப்படித்தான். அப்பா என்ன வேலை என்று கேட்டால் மென்று முழுங்குகிற நண்பர்கள் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நண்பர்களே! நாளை நீங்கள் அந்த போர்டைப் பார்த்து உள்ளே போனால், ருசி பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஆனால் 'ஏமாத்து' என்ற வார்த்தை வேண்டாம். பில்லுக்குப் பணம் கொடுக்கும்போது "பாய், உங்களுக்கு எந்த ஊர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்