ஸ்டாஃப் போல்டருக்குப் பூட்டு வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலையில் கணினிக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களும் அதிபர்மாரும் கட்டாயம் வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்து, தரம் 10 இன் புள்ளிகளை எல்லாப் பாட ஆசிரியர்களும் ஒரே எக்செல் கோப்பில் பதிந்தோம். கோப்பு இருந்தது கணினி அறையிலுள்ள ஒரு கணினியில், 'ஸ்டாஃப்' என்ற போல்டரில். ஆசிரியர் அறையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வலையமைப்பு வழியாகத் திறக்கலாம். கடவுச்சொல் கேட்காது. எல்லோருக்கும் லேசாக இருக்கட்டும் என்று அதை நிறுத்தி வைத்தவன் நான்தான்.

தேர்ச்சி அறிக்கை அச்சடிக்கும் நாளில் பார்த்தால் கணிதப் புள்ளிகள் தலைகீழ். கெட்டிக்காரப் பிள்ளைக்கு 31. வழமையாக நாற்பதைத் தாண்டாத ஒரு மாணவனுக்கு 94. அந்த மாணவன்தான் கணினி அறையில் எனக்கு ஒத்தாசையாக நிற்பவன். இதைவிட வேறென்ன வேண்டும்? பத்து நிமிடத்தில் ஆசிரியர் அறையில் தீர்ப்பு முடிந்துவிட்டது. வாப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தலை குனிந்து நின்றார். பிள்ளை சொன்னது ஒன்றுதான்: "நான் தொடவே இல்ல சேர்."

யார் தொட்டது என்று கோப்பில் தேடினேன். கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் 'யூசர்' என்று இருந்தது. எங்கள் எல்லாக் கணினிகளுக்கும் அதே பெயர்தான். அவன் செய்தான் என்று நிரூபிக்கவும் வழியில்லை, செய்யவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை.

மூன்றாம் நாள்தான் என் கண்ணில் பட்டது. கணித நிரலில் மேலிருந்து கீழாகப் புள்ளிகள் ஒழுங்காக இறங்கிக்கொண்டே போகின்றன. இடாப்பில் முதல் பெயர் அவனுடையது, அதனால் கூடிய புள்ளி அவனிடம் வந்து நிற்கிறது. பரிசளிப்புக்குப் பட்டியல் எடுக்கப் போன ஒரு சேர், அந்த நிரலை மட்டும் தெரிவு செய்து வரிசைப்படுத்தி, எக்செல் கேட்ட எச்சரிக்கையை வாசிக்காமல் கடந்து, சேமித்தும் விட்டார். கேட்டதும் அவரே ஒத்துக்கொண்டார், மனம் வருந்தினார். விடைத்தாள்களை எடுத்து மறுபடி பதிந்தோம். ஆனால் அந்தப் பிள்ளை அதன்பின் கணினி அறைப் பக்கம் உதவிக்கு வரவேயில்லை.

குற்றம் அந்தச் சேருடையது அல்ல. கதவை அகலத் திறந்து வைத்த என்னுடையது.

அந்தச் சேருக்குத் தேவைப்பட்டது பார்ப்பதற்கான அனுமதி மட்டும். நான் கொடுத்திருந்ததோ முழு அதிகாரம். விண்டோஸில் ஒரு போல்டரைப் பகிரும்போது மூன்று படிகள் உண்டு: வாசிக்க மட்டும், மாற்ற, முழு அதிகாரம். முழு அதிகாரம் உள்ளவர் கோப்பை அழிப்பது மட்டுமல்ல, யாருக்கு என்ன அனுமதி என்பதையே மாற்றலாம். நாமோ 'எவ்ரிவன்' என்ற பெயருக்கு நேரே அதை டிக் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பகிர்வுக்கு ஓர் அனுமதி, டிஸ்கில் அந்தப் போல்டருக்கே தனியாக ஓர் அனுமதி. வளவு கேட்டும் அறைக் கதவும் போல. வலையமைப்பு வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஆனால் அந்தக் கணினியின் முன்னாலேயே உட்காருபவருக்கு அறைக் கதவு மட்டும்தான். ஆகவே புள்ளிக் கோப்பு உள்ள கணினியில் பிள்ளைகளை வேலை செய்ய விடாதீர்கள்.

இப்போது நாங்கள் செய்திருப்பது இவ்வளவுதான். ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். பாட ஆசிரியர் தன் பாடக் கோப்பை மட்டும் மாற்றலாம். மொத்தப் பட்டியலைப் பகுதித் தலைவர் மாற்றலாம், மற்றவர்கள் பார்க்கலாம். மாணவர்களுக்குச் செயலட்டைப் போல்டர் வாசிக்க மட்டும். புள்ளிப் போல்டருக்கு அனுமதியே இல்லை. யார் எப்போது திறந்தார் என்று பதியும் வசதியையும் இயக்கிவிட்டேன், அது தானாக இயங்காது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிரதி வெளி டிஸ்கில். அதைக் கழற்றி அலுமாரியில் வைக்கிறோம். ஏனென்றால் ஒரு கணினியில் ரேன்சம்வேர் புகுந்தால், அந்தக் கணினி எழுதக்கூடிய பகிர்வுப் போல்டர்களையும் சேர்த்துத்தான் பூட்டும். செலவு அந்த டிஸ்க் மட்டும்.

கூகுள் டிரைவ் பாவிக்கும் பாடசாலைகளுக்கும் இதே கதைதான். 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று வைத்து வட்ஸ்அப் குழுமத்தில் போட்டால், அந்த லிங்க் எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

இதைச் செய்ய வெளிக்கிட்டபோது ஒரு சிரேஷ்ட ஆசிரியை கேட்டார்: "அப்ப எங்கள நம்பல்லயா சேர்?" நியாயமான கேள்வி. நான் சொன்னேன்: "மிஸ், நாளைக்கு ஏதாவது பிழைத்தால் உங்கட பேர் வராம இருக்கத்தான் இது." வாசிக்க மட்டும் என்ற அனுமதி யாரையும் சிறுமைப்படுத்துவது அல்ல. அது நம் கை தவறுவதிலிருந்தும், வீண் பழியிலிருந்தும் நம்மைக் காப்பது. பதவி கூடியவருக்கு அதிகாரம் கூட வேண்டும் என்பதும் பிழையான கணக்கு. செய்யும் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும், அதிபருக்கும்கூட.

பிள்ளைகளின் புள்ளியும் விலாசமும் குடும்ப விபரமும் நம்மிடம் இருக்கும் அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துதான் அதை நமக்குச் சொல்ல வேண்டும் என்றில்லை.

அடுத்த தவணைப் புள்ளி பதிய முன், உங்கள் ஸ்டாஃப் போல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். 'எவ்ரிவன்' என்று இருந்தால், அந்த 'எல்லோரும்' யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். அமைக்கும் முறை தெரியாதவர்கள் கொமண்டில் கேளுங்கள், நேரம் கிடைக்கும்போது சொல்லித் தருகிறேன்.