அளப்பதிலும் நேர்மை வேண்டும்

திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டை, நெசவையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த ஊர். அங்கே தறியேறும் வண்ண நூல், எங்கோ ஒரு சாயத் தொட்டியில் முழுகி எழுந்து வந்ததாகும். பருத்தியில் இக்காலத்துச் சாயங்கள் பல நன்றாகப் பற்றுவதற்குத் தொட்டியிலே காரம் சேர்க்க வேண்டியிருக்கிறது. பிறகு அந்தக் கார ஜலம் எங்கே போகிறது? இது சாயப் பட்டறைக்காரரை மட்டும் பொறுத்த கேள்வியன்று. நம் கிணறுகளையும் வயல்களையும் பற்றியதாகும்.

அமிலத்தையும் காரத்தையும் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பது வழக்கம். 1909-ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் ஸோரன்ஸன் வகுத்த முறை இது. 7 என்பது நடுநிலை. குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். நீர்நிலைகளில் விடப்படும் ஆலைக் கழிவு 5.5-க்கும் 9-க்கும் இடையே இருக்கவேண்டும் என்பது நம் தேசத்தின் பொது விதி.

இதை அளக்க உதவுவது மெல்லிய கண்ணாடிக் குமிழ் கொண்ட மின்முனை. நடுநிலையிலிருந்து ஒவ்வோர் எண் விலகும்போதும் அதில் சுமார் 59 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தோன்றும். ஆனால் மின்சாரம் அந்தக் கண்ணாடியைக் கடந்தே வரவேண்டும். அதன் தடையோ 10 கோடி ஓம் அளவில் இருக்கும். ஆற்று மணலில் மெல்லச் சுரக்கும் ஊற்றைப் போன்றது இது. பெரிய வாளியை விட்டு ஆழம் பார்த்தால், பார்ப்பதற்குள் நீர் வற்றிவிடும்.

சாதாரண மல்ட்டிமீட்டரின் உள்தடை 1 கோடி ஓம். அதை நேரே மின்முனையில் இணைத்தால், உண்மையான மின்னழுத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்கே தெரியும். பி.எச். 10 உள்ள கார ஜலம் 177 மில்லிவோல்ட் தரவேண்டும்; கருவியோ 16 என்று காட்டும். கணக்கிட்டால் பி.எச். 7.3! கெட்ட ஜலம் நல்ல ஜலமென்று சாட்சி பெற்றுவிடுகிறது.

இவ்வநீதியைத் தடுப்பது, இரண்டுக்கும் நடுவே வைக்கும் 'பஃபர்' என்னும் சிறு மின்பெருக்கி. இது மின்னழுத்தத்தை மிகுதிப்படுத்துவதில்லை. உள்ளதை உள்ளபடியே மறுபுறம் தருகிறது. ஒரு லட்சம் கோடி ஓம் உள்தடை கொண்டதாகையால் மின்முனையிடமிருந்து ஏறக்குறைய ஒன்றும் பெறுவதில்லை. மீட்டர் கேட்கும் மின்சாரத்தைத் தன் மின்கலத்திலிருந்து கொடுக்கிறது. 1934-ல் அமெரிக்கரான பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இத்தகைய பெருக்கியை அமைத்தார். இன்று அதற்குரிய சில்லு சென்னை ரிச்சி தெருவில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. நம் பாலிடெக்னிக் மாணவர்கள் தாங்களே செய்துவிடலாம். இணைப்பு முனையில் ஈரமோ விரல் அழுக்கோ படியாமல் காப்பது மட்டும் முக்கியம். அதன் வழியே மின்சாரம் கசிந்தால் பெருக்கியினால் பயனில்லை.

நேயர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். பி.எச். 7 உள்ள சோதனைக் கரைசலில் மட்டும் கருவியைப் பரீக்ஷித்தால், பெருக்கியில்லாத பொய்க் கருவியும் தேறிவிடும். அங்கே மின்னழுத்தம் பூஜ்யமல்லவா? ஆகையால் 4 அல்லது 10 உள்ள கரைசலிலும் பரீக்ஷித்தார்களா என்று கேட்க வேண்டும். பொதட்டூர்பேட்டையிலாயினும், கும்மிடிப்பூண்டி ஆலைகளின் அருகிலாயினும், தண்ணீர் நன்றாயிருக்கிறதென்று எண்ணைக் காட்டுவோரிடம் இக்கேள்வியைக் கேட்பது குடிமக்களின் உரிமை, கடமையுமாகும்.