புயலுக்கும் கடன் ஒப்பந்தத்தில் இடம் வேண்டும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டபோது, வங்குரோத்து நிலையிலிருந்து நாடு எழுந்து நிற்கத் தொடங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் குடியிருப்புகளையும் வீதிகளையும் அள்ளிச் சென்றன. நேரடிச் சேதம் 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. இது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 4 சதவீதம். கட்டடங்கள், வீதிகள், பாலங்கள், விளைநிலங்கள் ஆகியவற்றுக்கு நேர்ந்த அழிவு மட்டுமே இந்தக் கணக்கில் உள்ளது. தொழில் முடங்கியதால் மக்கள் இழந்த வருமானம் இதில் சேரவில்லை.

இத்தகைய அழிவு நேரும் என்ற எண்ணமே இல்லாமல் எழுதப்பட்டவை நம் கடன் ஒப்பந்தங்கள் என்பதுதான் இன்று நாம் பேச வேண்டிய விடயம். காலநிலை மாற்றத்தைச் சுற்றாடல் அமைச்சின் வேலையாக மட்டும் பார்த்த காலம் முடிந்துவிட்டது. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரப்பதத்தைத் தாங்கும். சூடேறிய கடலுக்கு நடுவே இருக்கும் ஒரு தீவுக்கு அடுத்த பெருமழை வருமா என்ற கேள்வி தேவையற்றது, எப்போது வரும் என்பது மட்டுமே கேள்வி. அப்படியிருக்க, 2030களுக்கும் நீளும் கடன் அட்டவணையில் புயலுக்கென்று ஒரு வரிகூட இல்லாதிருப்பது பெரும் பிழை. அதைத் திருத்தியாக வேண்டும்.

அரசின் கைகள் எவ்வளவு இறுகக் கட்டப்பட்டுள்ளன என்பதை முதலில் பார்ப்போம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று இலங்கை அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டம் தொடங்கியது. அதன் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று, வட்டிச் செலவு நீங்கலாகப் பார்க்கையில் அரசின் வருவாய் செலவை விட மிஞ்சியிருக்க வேண்டும் என்பது. 2025 முதல் இந்த முதன்மை மிகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதமாக இருக்க வேண்டும். வட் வரியை 18 சதவீதமாக்கி, மானியங்களைக் குறைத்து, மக்களின் வயிற்றைக் கட்டித்தான் அரசு இந்த மிகையைச் சேர்க்கிறது. ஓராண்டு முழுவதும் அப்படிச் சேர்ப்பதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேலானதை டித்வா சில நாட்களில் அழித்துவிட்டது.

மத்திய வங்கியின் கதவும் மூடியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசுக்காகப் பணம் அச்சிடுவதைத் தடை செய்கிறது. பணவீக்கத்தை 5 சதவீத அளவில் வைத்திருப்பது அதன் இலக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியதைக் கண்ட எவரும் இந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மலையகத்தின் மரக்கறித் தோட்டங்கள் வெள்ளத்தில் போய் விலை ஏறும்போது, வட்டி வீதத்தை உயர்த்துவதால் ஒரு கரட்டும் கூடுதலாக விளையப் போவதில்லை. நாணயக் கொள்கையால் எட்ட முடியாத இடத்தில் அரசின் செலவுதான் கைகொடுக்க வேண்டும். அந்தச் செலவுக்கோ கடன் ஒப்பந்தம் எல்லை போட்டிருக்கிறது.

புயலுக்குப் பின் வந்த உதவிகளின் தன்மையைக் கவனியுங்கள். நாணய நிதியம் அவசர உதவியாக வழங்கிய சுமார் 206 மில்லியன் டொலர், சேதத்தில் இருபதில் ஒரு பங்கு. அதுவும் கடன்தான், சில ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். இந்தியா 450 மில்லியன் டொலர் அறிவித்தது. அயலவரின் அந்தக் கைகொடுப்பை நன்றியுடன் ஏற்போம். ஆனால் அதில் 350 மில்லியன் சலுகைக் கடன், நன்கொடை 100 மில்லியன். பாராளுமன்றம் 500 பில்லியன் ரூபாய்க்கான குறைநிரப்பு மதிப்பீட்டை நிறைவேற்றியது. அதுவும் வரியாகவோ கடனாகவோ மக்கள் தலையில்தான் வந்து விழும். உலகை வெப்பமாக்கிய புகையில் மிகச் சிறிய பங்கே கொண்ட ஒரு நாடு, அந்த வெப்பம் கொண்டுவந்த அழிவைச் சீராக்கக் கடன் வாங்குகிறது. பழைய கடனுக்கான தவணையையும் அதே வேளையில் செலுத்தச் சொல்கிறார்கள்.

2024 டிசம்பரில் மாற்றியமைக்கப்பட்ட முறிகள் சூழ்நிலைக்கேற்ப வளைந்து கொடுக்கும் அல்லவா என்று சிலர் கேட்கலாம். சுமார் 12.5 பில்லியன் டொலர் பெறுமதியான அந்த மறுசீரமைப்பில் ஒரு பகுதி முறிகள் பேரண்டப் பொருளாதாரத்துடன் இணைக்கப்பட்டவை. 2025 முதல் 2027 வரையான மொத்த உள்நாட்டு உற்பத்தியின் டொலர் பெறுமதியைப் பார்த்து, 2028 முதல் கொடுக்க வேண்டிய தொகை கூடும் அல்லது குறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தி, ஓராண்டில் நடந்த உற்பத்தியை மட்டுமே அளக்கிறது. இடிந்துபோன பாலத்தின் பெறுமதியை அது கழிப்பதில்லை. அந்தப் பாலத்தை மீண்டும் கட்டும் செலவையோ கூட்டிக்கொள்கிறது. நாடு ஏழையாகியிருக்கும்போதே புனரமைப்பு வேலைகளால் உற்பத்திக் கணக்கு உயர்ந்து காட்டக்கூடும். அனர்த்தத்தை அளக்கத் தெரியாத அளவுகோலைக் கொண்டு அனர்த்தத்திலிருந்து பாதுகாப்புத் தேட முடியாது.

இதற்கு மாற்று வழி உண்டு. கரீபியன் தீவான கிரெனடா, 2015இல் கடனை மறுசீரமைத்தபோது சூறாவளிக்கென்று ஒரு விதியை ஒப்பந்தத்தில் சேர்த்தது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி தாக்கியதும் அந்த விதியைப் பயன்படுத்தி முறித் தவணையைத் தள்ளிவைத்தது. யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, நாடு வங்குரோத்து என்ற பெயரும் வரவில்லை. பார்படோஸும் தன் கடன் மறுசீரமைப்பில் இத்தகைய விதியைச் சேர்த்தது. உலக வங்கியும் 2023இல் இத்தகைய தள்ளிவைப்பு ஏற்பாட்டை அறிவித்தது. ஆனால் அது சின்னஞ்சிறு நாடுகளை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் இலங்கை அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. புயல் சனத்தொகை பார்த்து வீசுவதில்லை.

எதிர்வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. இலங்கையை வீழ்த்தியது வானிலை அல்ல, ஆட்சியாளர்கள் என்பது முதலாவது. அது உண்மை. 2019இன் வரிக்குறைப்பும் 2021இன் இரசாயன உரத் தடையும் எந்த மேகத்திலிருந்தும் விழவில்லை. அத்தகைய அரசுகளுக்குத் தவணையைத் தள்ளிவைக்கும் உரிமை தரலாமா? அதனால்தான் முடிவு அமைச்சரின் கையில் இருக்கக் கூடாது என்கிறோம். மழையின் அளவும் காற்றின் வேகமும் சேதத்தின் மதிப்பும் ஒப்பந்தத்தில் எழுதிய எல்லையைத் தாண்டினால் மட்டும் விதி தானாகச் செயற்பட வேண்டும். அதைச் சுயாதீன அமைப்பொன்று உறுதி செய்ய வேண்டும். மிச்சமாகும் பணம் தனிக் கணக்கில் இருந்து, கணக்காய்வுக்கு உட்பட வேண்டும்.

கடன் கொடுப்பவர் கூடுதல் வட்டி கேட்பார் என்பது இரண்டாவது. தள்ளிவைப்பு தள்ளுபடி ஆகாது. தள்ளிய தொகை பின்னர் செலுத்தப்படும். தவணை தவறி நாடு மீண்டும் விழுந்தால் கடன் கொடுத்தவருக்கு என்ன நேரும்? சென்ற மறுசீரமைப்பில் முறிதாரர்கள் அசலில் கால் பங்குக்கும் மேல் விட்டுக்கொடுத்தார்கள். ஓராண்டு காத்திருப்பது அதைவிட மலிவு.

ஆகவே மூன்று காரியங்கள் உடனே நடக்க வேண்டும். முறிதாரர்களுடனும், ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையிலான கடன் வழங்குநர் குழுவுடனும், சீனாவுடனும் அரசு பேசி, அனர்த்தக் காலத் தள்ளிவைப்பு விதியைக் கேட்க வேண்டும். 2028இல் கடன் தவணைகள் கனக்கத் தொடங்குமுன் அது எழுத்தில் வந்தாக வேண்டும். நாணய நிதியம், பேரனர்த்த ஆண்டில் முதன்மை மிகை இலக்கு எவ்வளவு தளரும் என்பதை முன்கூட்டியே திட்டத்தில் எழுத வேண்டும். இல்லையேல் இலக்கை எட்ட அரசு முதலில் வெட்டுவது மூலதனச் செலவைத்தான். அடுத்த மழைக்கு முன் கட்ட வேண்டிய தாங்குசுவரும் வடிகாலும் அப்படித்தான் காகிதத்திலேயே நின்றுவிடுகின்றன.

மூன்றாவது காரியம், மலைச்சரிவு மக்களுக்குப் பாதுகாப்பான காணி கொடுப்பது. அதற்கு வெளிநாட்டார் எவரது சம்மதமும் தேவையில்லை. மண்சரிவு அபாயப் பகுதிகளை அடையாளப்படுத்த தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அந்தச் சரிவுகளில் லயன் அறைகளில் வாழும் பெருந்தோட்டத் தொழிலாளருக்குக் காணி உறுதி இல்லை. வீடு போனால், எந்தக் காணியில் மீண்டும் கட்டுவது என்ற கேள்வியே அவர்களுக்கு முதலில் எழுகிறது. தேயிலையால் அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் கைகளுக்குப் பாதுகாப்பான நிலம் தராத அரசு, கடன்காரரிடம் காலநிலை நியாயம் கேட்டால் அதன் குரலுக்கு வலு இருக்காது.

நாணய நிதியத்திடமும் முறிதாரர்களிடமும் நாம் கேட்பது தர்மம் அல்ல. நிச்சயம் வரப்போகும் ஒன்றைக் கணக்கில் எழுதுங்கள் என்கிறோம். அரசிடம் கேட்பதும் அதுவே: அடுத்த பருவமழைக்கு முன் மலைச்சரிவு மக்களுக்குக் காணி கொடுங்கள், அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் புயல் விதியை முதல் கோரிக்கையாக வையுங்கள்.