எத்தனை வாரம் வருவீங்க?

புந்தோங்கில் சனிக்கிழமை காலை வெளியூர் வேன் ஒன்று வந்து நின்றால், உள்ளே யார் இருப்பார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்குப் பார்க்காமலே தெரியும். ஒரே நிறத்தில் டி-சட்டை, முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர், கையில் சுருட்டிய பதாகை. சமூகச் சேவைக்கு வந்த மாணவர்கள். சில குழுக்கள் கால்வாய் ஓரத்தைச் சுத்தம் செய்யும். சில குழுக்கள் சுவருக்குச் சாயம் பூசும். சில குழுக்கள் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துத் தன்முனைப்பு உரை நடத்தும். மதியம் சாப்பாடு, குழுப்படம், நன்றியுரை. மூன்று மணிக்கு வேன் கிளம்பிவிடும்.

கேலி செய்ய இதை எழுதவில்லை. சனிக்கிழமையைத் தூங்கிக் கழிக்கக்கூடிய வயதில் அடுத்தவர் வீட்டு வாசலுக்கு வருகிற பிள்ளைகள் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். தோட்டத்து லயத்தில் பிறந்த நாம், நகரத்துக்கு வந்து, இரண்டு வேலை பார்த்துப் பட்டப்படிப்புக்கு அனுப்பி வைத்த பிள்ளைகள். ஆனால், வேன் போன பிறகு இங்கே என்ன மிஞ்சுகிறது என்று யாராவது கேட்க வேண்டாமா?

எங்கள் வட்டாரத்தில் ஒரு மண்டபத்தில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இலவச வகுப்பு நடக்கிறது. பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான் மலாயும் வரலாறும் பார்த்துக்கொள்கிறேன். கணிதத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஒருமுறை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து எட்டு மாணவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்று வந்தார்கள். நல்ல பிள்ளைகள். முதல் வாரம் வாயே திறக்காத ஒரு பையன், நான்காவது வாரம் தானாக எழுந்து போய் வெண்பலகையில் கணக்குப் போட்டான். ஏழாவது வாரத்தோடு அவர்கள் நின்றுவிட்டார்கள். பருவம் முடிந்தது, மணிநேரம் நிறைந்தது, அறிக்கையும் கொடுத்தாயிற்று.

அடுத்த பருவத்தில் வேறொரு குழு வந்தது. முதல் குழு எங்கே நிறுத்தியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுபடியும் முதல் அத்தியாயம். அந்தப் பையன் கடைசி வரிசைக்குப் போய்விட்டான். மூன்றாவது குழு வந்து பெயர் சொல்லி அறிமுகமானபோது படிவம் நான்கு மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "அக்கா, நீங்க எத்தனை வாரம் வருவீங்க?"

மரியாதையாகத்தான் கேட்டாள். வந்தவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கே தெரியாது. பெரியவர்கள் வருவார்கள், போவார்கள், நம்பிவிடக் கூடாது என்ற பாடத்தைக் கணக்கைவிடச் சீக்கிரமாக எங்கள் மாணவி படித்து முடித்திருந்தாள்.

மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் 2013-இல் உயர்கல்விக் கூடங்களின் பொதுப் பாடங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, சமூகச் சேவையும் இணைப்பாடமும் அவற்றில் ஒரு பிரிவாக இடம்பெற்றன. 2019-இல் கல்வி அமைச்சு 'சுலாம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வகுப்பில் படிக்கும் பாடத்தையே சமூகத்தில் பயன்படுத்திப் படிப்பது அதன் நோக்கம். மலாயில் 'சுலாம்' என்றால் துணியில் ஊசியால் போடும் பூவேலை. பெயர் பொருத்தமானதுதான். ஒரு தையலில் பூ வராது. அதே இடத்தில் ஊசி திரும்பத் திரும்ப இறங்க வேண்டும்.

இந்த வழியில் நமக்கு முன்பே நடக்கத் தொடங்கியவற்றில் கத்தோலிக்கக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அடங்கும். கத்தோலிக்கக் கல்வி ஈப்போ மக்களுக்குப் புதிதல்ல. லாசால் சபைச் சகோதரர்கள் 1912-இல் தொடங்கிய செயின்ட் மைக்கல் பள்ளியை இந்த ஊரில் அறியாதவர் யார்? தமிழ்நாட்டில் இயேசு சபையினர் நடத்தும் இரண்டு கல்லூரிகளின் பெயரும் நம் காதில் விழுந்திருக்கும். ஒன்று, திருச்சி தூய வளனார் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு மாறியது. இராமேசுவரத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையான அப்துல் கலாம் இயற்பியல் படித்து 1954-இல் பட்டம் பெற்றது அங்கேதான். இன்னொன்று, 1925-இல் தொடங்கிய சென்னை லயோலா கல்லூரி. நடிகர் சூர்யா படித்த கல்லூரி என்றால் இளையோருக்கு உடனே புரியும்.

இந்த இரண்டு கல்லூரிகளிலும் சமூகப் பணி என்பது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முகாம் அல்ல; அதற்கென்று தனித் துறையே இருக்கிறது. லயோலா மாணவர்கள் சென்னையின் குடிசைப் பகுதிகளுக்குப் போகிறார்கள். திருச்சி மாணவர்கள் கிராமங்களுக்குப் போகிறார்கள். திருச்சிக் கல்லூரியின் துறைக்கு 'ஷெப்பர்டு' என்று பெயர். மக்கள் முன்னேற்றத்துக்கான அறிவியலும் கலையியலும் என்பது அதன் விரிவு. இயற்பியல் படிப்பவருக்கும் வரலாறு படிப்பவருக்கும் தன் படிப்பால் ஊருக்கு என்ன பயன் என்ற கேள்வியை அந்தப் பெயரே கேட்டுவிடுகிறது.

மணிக்கணக்கு அங்கும் உண்டு. இந்திய அரசு 1969 செப்டம்பர் 24-இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. ஆக, மணிநேரத்தை எண்ணுவதில் தவறில்லை. அதை மட்டும் எண்ணினால்தான் தொல்லை.

இரண்டு பாதிரியார்கள்

கத்தோலிக்கக் கல்வி உலகத்தை அந்தக் காலத்தில் இரண்டு பேர் உலுக்கினார்கள். ஒருவர் பெட்ரோ அருப்பே. ஸ்பெயின் நாட்டவர். குருவாவதற்கு முன்பு மருத்துவம் படித்தவர். 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்த நகரத்தின் ஓரத்தில் இருந்தார். தாம் பொறுப்பு வகித்த இயேசு சபை இல்லத்தையே மருத்துவமனையாக மாற்றிக் காயம்பட்டவர்களைக் கவனித்தார். பிறகு உலக இயேசு சபைக்கே தலைவரானார். 1973 ஜூலை 31 அன்று ஸ்பெயினின் வலென்சியா நகரில், இயேசு சபைக் கல்விக்கூடங்களின் முன்னாள் மாணவர்கள் கூடியிருந்த மாநாட்டில் பேசினார். நீதிக்காக வாழ உங்களை நாங்கள் பழக்கினோமா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். பிறருக்காக வாழ்பவர்களை உருவாக்குவதே கல்வியின் வேலை என்றார். வந்திருந்த சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் இன்று உலகெங்கும் உள்ள இயேசு சபைக் கல்லூரிகள் தங்கள் நோக்கமாகச் சொல்வது அந்தப் பேச்சைத்தான்.

மற்றவர் இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்த பாதிரியார். போர்ட்டோ ரிக்கோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் துணைத் தலைவர் பொறுப்பிலேயே இருந்தவர். 1968 ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோவுக்குக் கிராமச் சேவைக்காகப் போகத் தயாராக இருந்த அமெரிக்க மாணவர்களிடம் பேச அவரை அழைத்திருந்தார்கள். பாராட்டுவார் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம்.

ஏன் அப்படிச் சொன்னார்? அந்த மாணவர்களுக்குக் கிராமத்து மக்களின் மொழி தெரியாது. மக்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதும் புரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'உங்கள் உதவி எங்களுக்கு வேண்டாம்' என்று அந்த மக்கள் சொன்னாலும் இவர்களுக்கு விளங்காது. உதவி செய்துதான் ஆக வேண்டும் என்றால், உங்களை மறுத்துப் பேசக்கூடிய மக்களிடம், உங்கள் ஊரிலேயே செய்யுங்கள் என்பது அவர் வாதம்.

இதைப் படித்தபோது எனக்குப் புந்தோங்தான் நினைவுக்கு வந்தது. நம்மிடம் வரும் மாணவர்களுக்கு நம் பேச்சு புரியும். பலருக்குத் தமிழ் தெரியும்; மற்றவர்களோடு மலாயில் பேசலாம். மறுத்துச் சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. ஆனால் நாம் சொல்வதில்லை. வீடு தேடி வந்த பிள்ளைகளைக் குறை சொல்லலாமா என்று தயங்குகிறோம். தேநீர் கொடுக்கிறோம், ஒரு பொட்டலம் கச்சான் பூத்தே கட்டிக் கொடுக்கிறோம், நீட்டிய பாரத்தில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அந்தத் தாளைப் பார்த்துப் பல்கலைக்கழகம் மதிப்பெண் போடுகிறது. அடுத்த பருவத்திலும் அதே வேன், அதே பதாகை. தப்பு அந்தப் பிள்ளைகளிடம் மட்டும் இல்லை.

ஓராண்டு, ஓரிடம்

அமெரிக்காவில் பாஸ்டன் காலேஜ் என்ற இயேசு சபைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1969-இல் 'பல்ஸ்' என்ற திட்டம் தொடங்கியது. நாடித்துடிப்பு என்று பொருள். அதில் சேரும் மாணவர்கள் தத்துவமும் இறையியலும் வகுப்பில் படித்துக்கொண்டே, நகரத்தில் ஏதாவது ஒரு சேவை இடத்தில் பணியாற்ற வேண்டும். எனக்குப் பிடித்தது அதன் அளவு. ஒரு கல்வியாண்டு முழுவதும், வாரந்தோறும், அதே இடம். ஒரு நாள் போனவருக்கு அங்கிருப்பவர் 'ஏழை' என்று மட்டும் தெரியும். ஆண்டு முழுவதும் போகிறவருக்கு அந்த மனிதரின் பெயர் தெரியும், கோபம் தெரியும், சர்க்கரை வியாதி தெரியும், போன மாதம் வேலை போனதும் தெரியும். நீதி என்றால் என்ன என்று வகுப்பில் படிக்கும்போது அந்த மனிதரின் முகம் கண்முன் வரும்.

இயேசு சபைக் கல்வி முறையில் அனுபவம், சிந்தனை, செயல் என்று மூன்றைச் சேர்த்துச் சொல்வார்கள். நம் வளாகங்களில் நடுவில் உள்ளதைத்தான் தாண்டிவிடுகிறோம். போய் வந்தவர்கள் உட்கார்ந்து பேசுவதற்குள் அறிக்கைக்குப் படம் தேட வேண்டியிருக்கிறது. 'அந்தப் பையன் ஏன் வாய் திறக்கவில்லை? நான்காவது வாரம் என்ன மாறியது?' என்று ஒரு மணிநேரம் பேசியிருந்தால், எட்டு பேரில் இரண்டு பேராவது அடுத்த பருவமும் வந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். பிடித்துப் போன வேலைக்கு மதிப்பெண் தேவைப்படாது.

நம் பக்கத்து வேலை

பல்கலைக்கழகம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் நிர்வாகமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, குடியிருப்பாளர் சங்கமோ, சேவைக்கு அனுமதி கேட்டு வரும் கடிதம் முதலில் வருவது நம் கைக்குத்தான். அப்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம்.

முதலாவது, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எங்களிடம் கேட்டு முடிவு செய்தீர்களா? சுவருக்குச் சாயம் வேண்டாம், கணித ஆசிரியர்தான் வேண்டும் என்றால் அதைச் சொல்லிவிடுவோம். மருத்துவமனைப் பாரம் நிரப்பத் தெரியாத முதியவர்கள் இருக்கிறார்கள், கச்சான் வியாபாரத்துக்குக் கணக்கு எழுத உதவி வேண்டும் என்பதையும் சொல்வோம். கணக்கியல் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

இரண்டாவது, எத்தனை வாரம் வருவீர்கள்? ஏழு வாரம்தான் முடியும் என்றால் அதுவும் சரி. ஆனால் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். ஏழு வாரத்தில் முடிகிற அளவுக்கு ஒரே ஒரு தலைப்பை எடுத்து முழுமையாக முடித்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது, உங்களுக்குப் பிறகு யார்? அடுத்த குழுவை இப்போதே ஒரு நாள் அழைத்து வந்து அறிமுகப்படுத்துங்கள் என்று கேட்போம். 14 வாரப் பருவம் பல்கலைக்கழகத்தின் கணக்கு. எங்கள் பிள்ளைகளின் எஸ்பிஎம் அந்தக் கணக்கில் வராது.

பாரத்தில் கையெழுத்துப் போடும்போது நடந்ததை அப்படியே எழுதுவோம். நல்லது நடந்தால் நல்லது என்று. பாதியில் நின்றால் பாதியில் நின்றது என்று. அது வஞ்சம் அல்ல. மதிப்பெண் போடும் விரிவுரையாளருக்கு உண்மை தெரிய வேண்டாமா?

வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மகளோ மகனோ தொலைபேசியில் 'அம்மா, இந்த வாரம் சேவைக்குப் போனோம்' என்றால், சாப்பிட்டாயா என்று கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். அங்கே யாரைச் சந்தித்தாய், அவர் பெயர் என்ன, மறுபடி எப்போது போகிறாய் என்று கேளுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் சேவை இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

இந்தப் பருவத்திலிருந்து எங்கள் மண்டபத்தில் இரண்டு வெள்ளிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறோம். எந்தத் தேதியில் எந்தக் கணக்கு, யாருக்குப் புரிந்தது, யாருக்கு இன்னும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்பதை வந்த மாணவர்களே அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பதாகையை விரிப்பதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இப்போதைக்குப் பதினோரு பக்கம் நிறைந்திருக்கிறது.