காம்பராவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்



தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் திரும்பவும் கொழும்பு பஸ் ஏறும்போது ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரே பேச்சுத்தான். "இங்கே இருந்து என்னத்தைக் கண்டோம்? குடும்பத்தோடு போயிடலாம்" என்கிறார்கள் நம்மவர்கள். "டவுன் மோகம் பிடித்து ஓடுகிறார்கள், கொழுந்தெடுக்க ஆளில்லை" என்கிறார்கள் கம்பனிக்காரர்கள்.

முதலில் கம்பனிக்காரர்களுக்குப் பதில் சொல்லிவிடுவோம். எங்கள் பிள்ளைகளை விரட்டியது மோகமில்லை, உங்கள் செக்ரோல். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் 1350 ரூபாய் வந்தது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாய் சம்பளம், 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு, மொத்தம் 1750 என்று அறிவித்தார்கள். தாளில் அது பெரிய தொகைதான். ஆனால் மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறீர்கள்? கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவது யார்? ஒரு பையன் பத்தாம் வகுப்பு, உயர்தரம் என்று படித்துவிட்டு வந்தால் அவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்? நூறு வருடத்துக்கு முந்திய லயத்தில், மழை வந்தால் மண்சரிவுப் பயத்தோடு, மூன்று தலைமுறையை ஒரே காம்பராவில் வைத்திருப்பவர்களுக்கு மோகத்தைப் பற்றிப் பேச வாயில்லை.

இனி நம்முடைய கணக்குக்கு வருவோம். கோபத்தில் மூட்டை கட்டக் கூடாது. கணக்குப் போட்டுவிட்டுக் கட்ட வேண்டும்.

தனியார் துறையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். புறக்கோட்டைக் கடையில் நிற்கும் நம் பிள்ளைக்கு அந்தச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,400 போனால் கையில் 27,600. ஒரு அறைக்கு வாடகை 15,000 என்று வையுங்கள். மீதி 12,600. அதை 30 நாளால் பிரித்தால் ஒரு நாளைக்கு 420 ரூபாய். புருசன், பொண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், நாலு பேரின் சோறும் லைட் பில்லும் பஸ் காசும் மருந்தும் அந்த 420இல் அடங்க வேண்டும். அடங்குமா? வீட்டுக்காரர் முன்கூட்டியே கேட்கும் அட்வான்ஸ் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. தோட்டத்தில் கொல்லையில் பறிக்கும் கீரைக்கும், மலையில் பொறுக்கும் விறகுக்கும் அங்கே காசு.

"இரண்டு பேரும் வேலைக்குப் போவோம்" என்பீர்கள். சரி, சின்னப் பிள்ளையை யார் பார்ப்பது? அங்கே பிள்ளைமடுவம் இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சேமலாப நிதியும் இல்லை. பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் ஆண்டு இடங்களில் பாதி, பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு. அந்தக் குடியிருப்பை வாக்காளர் இடாப்பிலும் வீட்டுப் பத்திரத்திலும் காட்ட வேண்டும். நேற்று வந்து வாடகைக்கு இருக்கிறவரிடம் எந்தப் பத்திரம் இருக்கும்?

அப்படியானால் போன பிள்ளைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஒரு அறையில் நாலைந்து பேர் படுக்கிறார்கள், கடையிலேயே சாப்பிடுகிறார்கள், மிச்சத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தனி ஆளுக்குக் கொழும்பு கட்டும், குடும்பத்துக்குக் கட்டாது. காரணம் இதுதான்: அந்தப் பையன் காய்ச்சலில் விழுந்தால் லயத்துக்குத்தான் வருகிறான். கல்யாணம் ஆனால் அவன் மனைவியும் பிள்ளையும் லயத்தில்தான் இருக்கிறார்கள். அம்மா எடுக்கும் கொழுந்தில்தான் அவர்களுக்குச் சோறு. அந்த அம்மா இருக்கும் தைரியத்தில்தான் கொழும்பு முதலாளி ஒரு ஆளின் வயிற்றுக்கு மட்டும் சம்பளம் கொடுக்கிறார். மகன் அனுப்பும் காசு இருக்கும் தைரியத்தில் கம்பனி அம்மாவுக்கு அரைப்பேர் போடுகிறது. இரண்டு முதலாளிமாரும் நம் ஒரே காம்பராவின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறோம், அந்தக் காம்பராவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். "வீட்டில் யாரும் வேலைக்கு வராவிட்டால் காலி பண்ணு" என்று துரை சொன்னால் பயந்து சாவியை நீட்டாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், உடனே தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூப்பிடுங்கள். 1992இல் தோட்ட நிர்வாகம்தான் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசாங்கத்தின் நிலம். கம்பனியே குத்தகைக்கு இருக்கிறவர். 200 வருடமாக இந்த மண்ணைக் காடு வெட்டி மலையாக்கிய சனத்தைக் காலி பண்ணச் சொல்ல அவர் யார்?

சேவைக்காலப் பணத்தையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் உண்டு. 1350 ரூபாய்க் கணக்கிலேயே 20 வருட வேலைக்கு 3,78,000 ரூபாய் வருகிறது. நாலரை வருடத்தில் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் அதில் ஒரு சதமும் இல்லை. வாக்காளர் இடாப்பில் தோட்டத்தில் பெயரை வெட்டிவிட்டு டவுனில் பதியாமல் இருக்கவும் வேண்டாம். 1948இல் பிரஜாவுரிமையையும் அடுத்த வருடம் வாக்கையும் நம் தாத்தா பாட்டியிடமிருந்து பறித்தார்கள். போராடி வாங்கியதை நாம் கவனக்குறைவால் தொலைக்கலாமா?

போகவே வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. தேயிலைக்குக் கீழே பிறந்தவன் தேயிலைக்குக் கீழேயே சாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நியமனக் கடிதம் கையில் இருக்கிறதா, முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி கட்டுகிறார்களா, இரண்டு சம்பளத்துக்கும் வேலை உறுதியா, பிள்ளையைப் பார்க்க ஆளும் படிக்க இடமும் உண்டா, மூன்று மாத வாடகை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாகப் போங்கள். போன இடத்தில் சேமலாப நிதி கட்டாத முதலாளியைப் பற்றித் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள், சங்கம் கூட வரும்.

ஆனால் போவதும் இருப்பதும் நம் இஷ்டமாக வேண்டுமென்றால், வீடும் நிலமும் நம் பெயரில் இருக்க வேண்டும். ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று அரசாங்கத்துக்கு அரசாங்கம் அளவு மாறுகிறது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் 10,000 வீடு என்று அறிவித்தபோது நாமும்தான் கைதட்டினோம். இன்னும் லயத்தில் இருந்துதான் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறோம். வேலையோடு கட்டிப்போடாத காணி உறுதியைக் கேட்போம். கொழும்பில் வேலை செய்தாலும் ஊரில் வீடு என்று மற்றச் சனமெல்லாம் சொல்கிறதே, அதே உரிமைதான்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் யார் யார் டவுனில் வேலை செய்கிறார்கள், யாருக்குக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கடிதம் இருந்தால் கடிதத்தையே கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.