கண்ணில நீலம் பூசினா எங்கட நிறத்துக்கு என்ன குறை?

எங்களில் ஒருத்தி நீலமும் ஊதாவும் கலந்து கண் எழுதிக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே ஒரு மாமி கேட்டா: "என்ன பிள்ளை, ஆரும் கண்ணில குத்திப்போட்டினமே?" எல்லாரும் சிரிச்சம். அதோட விட்டிருக்கலாம். "வெள்ளைப் பிள்ளையளுக்கெண்டா எடுப்பாய் இருக்கும். எங்கட நிறத்துக்கு உது சரிவராது" எண்டும் சொன்னா.

முதல் கேள்வி பகிடி. இரண்டாவது பகிடி இல்லை. அதுக்குத்தான் இந்தப் பதில்.

இதே மாமி பரதநாட்டிய அரங்கேற்றத்தில் முன் வரிசையில் இருந்து, காதுவரைக்கும் மை இழுத்த கண்களைப் பார்த்து "என்ன வடிவு" எண்டு சொல்லுவா. மேடையில வடிவான கண், றோட்டில மட்டும் எப்பிடிப் பிழையாகும்? கண்ணுக்கு நிறம் பூசுறது வெள்ளைக்காரர் கண்டுபிடிச்சதும் இல்லை. பழைய எகிப்தில் மலக்கைற் என்ற பச்சைக் கல்லை அரைச்சு ஆணும் பெண்ணும் கண்ணில் பூசினவை.

உண்மையில் கடும் நீலம், மரகதப் பச்சை, ஊதா, செப்பு நிறம் எல்லாம் கறுத்தத் தோலில் நல்லாய் எடுபடும். எடுபடாதது வெள்ளை கலந்த வெளிர் நிறங்கள்தான். அவை சாம்பல் பூசினமாதிரி நிக்கும். அது தோலின்ர பிழை இல்லை, நிறத் தெரிவின்ர பிழை.

வீட்டில செய்து பாருங்கோ. முகப்பூச்சுக்கு முதல் கண்ணைச் செய்யுங்கோ. உதிருற தூளைத் துடைக்கலாம். இமையில மெல்லிசாய் கன்சீலர் தடவி, மேல கொஞ்சம் பவுடர் போடுங்கோ. எங்கட வெக்கைக்கு இந்தப் படியைத் தவறவிட்டால் அரை மணித்தியாலத்தில எல்லாம் மடிப்புக்குள்ள ஒதுங்கியிடும். இமை மடிப்புக்குச் சற்று மேல, உங்கட தோலைவிட ஒரு படி கடுமையான மண்ணிறம். பிறகு கறுப்புப் பென்சிலை இமைமயிர் ஓரமாய்த் தடிப்பாய் இழுத்து, காயமுதல் விரலால மேல்நோக்கிக் கலைச்சுவிடுங்கோ. அந்தக் கறுப்புக்கு மேல நீலத்தைத் தேய்க்காமல் ஒத்தி ஒத்தி வையுங்கோ. அடியில கறுப்பு இருந்தால்தான் நீலம் ஆழமாய்த் தெரியும். வெளி மூலையில ஊதா. கடைசியா நிறமில்லாத பிரஷால ஓரங்களை மட்டும் சின்னச் சின்ன வட்டமாய்க் கலையுங்கோ. புகைமாதிரித் தெரியிறது அந்த ஓரத்தாலதான். அவசரப்பட்டால் மாமி கேட்ட முதல் கேள்வி சரியாய்ப் போயிடும்!

இதுக்குப் பெரிய பெட்டி தேவையில்லை. ஒரு பென்சில், மூண்டு நிறம், இரண்டு பிரஷ் காணும். ஆனால் பெயர் விலாசம் இல்லாத மலிவுச் சாமானைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. சில மின்னல் நிறப் பெட்டிகளில் கண்ணைச் சுற்றிப் பாவிக்க வேண்டாம் எண்டு சின்ன எழுத்தில போட்டிருக்கும், வாசியுங்கோ. மஸ்காராவையும் மைப் பென்சிலையும் சிநேகிதியோட மாத்தி மாத்திப் பாவிக்க வேண்டாம், கண்நோய் தொத்தும்.

மேக்கப் போட்டால் விடுதலை கிடைச்சிடும் எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. கம்பனிகளுக்கு எங்கட காசுதான் வேணும். போட விருப்பமில்லாதவை போடாமல் இருக்கிறதும் அதேயளவு சரி. ஆனால் "எங்கட நிறத்துக்குச் சரிவராது" என்ற அதே வசனம்தான் வெள்ளையாக்கிற கிறீமையும் விக்குது. அப்பிடியான சில கிறீம்களில் பாதரசம் இருக்கிறதும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கிறதும் தெரிஞ்ச விசயம். கலியாணப் பொம்பிளையின்ர முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கிற சலூனுக்குப் பின்னாலயும் அதே வசனம்தான் நிக்குது.

நீலத்தைத் தண்ணியால கழுவலாம். அந்த வசனத்தைச் சின்ன வயசில கேட்ட பிள்ளை எத்தனை வருசம் கண்ணாடிக்கு முன்னால அதைச் சுமந்துகொண்டு நிப்பாள்?

அடுத்த கலியாண வீட்டுக்கு நாங்கள் பச்சை பூசிக்கொண்டு போறதாய் இருக்கிறம். மாமி கேட்டால், அவவுக்கும் ஒரு கண் எழுதிவிடுவம்.