“அம்மாயி எதையும் தாங்குவாங்க” – போதும் இந்தப் பாராட்டு!

“எங்க அம்மாயி இருக்காங்களே, எதையும் தாங்குவாங்க!” நம்மில் இதைச் சொல்லாதவங்க குறைவு. நானும் பெருமையாச் சொல்லிட்டுத்தான் திரிஞ்சேன். இப்போ அந்த வசனத்தைக் கேட்டாலே எரிச்சல் வருது.

2023, மலையகம் 200. ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. அந்த நாட்களில் நம்ம எல்லார் கையிலும் ஒரு போன், எதிரில் ஒரு வயசானவர். நானும் பல்லேபொலயில் இருக்கும் அம்மாயிகிட்டப் போய் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் பேசினாங்க. அதை ஒன்றரை நிமிஷமா வெட்டிப் போட்டேன். லைக் குவிஞ்சுது. புறப்படும்போது, “மறுபடி எப்ப சாமி வருவ?” என்று கேட்டாங்க. “சீக்கிரம் வாறேன்” என்றேன். போனது எட்டு மாசம் கழிச்சு.

அப்போ அம்மாயி பாதியா இளைச்சிருந்தாங்க. தூக்கமில்லை, சோறு இறங்கல, எந்நேரமும் முழங்கால் வலி. கோயிலுக்குப் போறதையும் விட்டுட்டாங்க. வீட்டில் எல்லாரும் சொன்னது, “வயசாச்சுன்னா அப்படித்தான்.”

அப்படித்தான் இல்லை! முதுமையில் வரும் மனச்சோர்வு பல நேரம் “கவலையா இருக்கு” என்று சொல்லிக்கொண்டு வராது. உடம்பு வலியாக, தூக்கமின்மையாக, மறதியாக வரும். நாம் அதை வயசின் கணக்கில் எழுதிவிடுகிறோம். 70 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 14 சதவீதமானோர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். தனிமை அதற்கு ஒரு பெரிய காரணம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.

அம்மாயியின் தலைமுறை எதையெல்லாம் தாங்கியது? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவங்க அப்பா அம்மாவை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. அம்மாயியின் அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினார். பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. 1977இல் அடி, 1983இல் மாத்தளை நகரமே எரிந்தது. “மனசு எப்படி இருக்கு?” என்று ஒருத்தரும் கேட்கல.

அப்புறம் எப்படித் தாங்கினாங்க? தனியாகத் தாங்கல. கொழுந்து நிரையில் பக்கத்துல ஒருத்தி பேசிக்கொண்டே வருவாள். லயத்தில் ஒரு வீட்டு அழுகை பத்து வீட்டுக்குக் கேட்கும். இன்று அம்மாயிக்கு அது எதுவும் இல்லை. பல்லேபொல சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் இடம். அக்கம்பக்கம் நல்ல மனுஷர்தான். ஆனால் அம்மாயிக்குத் தெரிந்த சிங்களம் கடைக்குப் போகப் போதும், மனசைக் கொட்டப் போதாது.

ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் பொறுமையானவர், ஆனால் தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்ற கேள்வியை என் வாயாலேயே கேட்டேன். பேத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த அம்மாயி உண்மை சொல்லுவாங்க? 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மனசைப் பற்றிக் கேட்கும் அறையில் தமிழ் இல்லாவிட்டால் அது வேறு எங்கே இருந்து என்ன பயன்?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பராமரிப்புச் சபைக்குப் போனால் பிள்ளைகளிடமிருந்து மாதக் காசு வாங்கித் தரும். பேச்சுத்துணை வாங்கித் தராது. இன்னொரு பக்கம், “பொசிட்டிவா நினைங்க, தியானம் பண்ணுங்க” என்று முதியோருக்கு மனவலிமைப் பாடம் நடத்தும் செயலமர்வுகள். வலிமை இல்லாமலா இத்தனை வருஷம் வாழ்ந்தாங்க? இல்லாதது ஆள்.

“நான் கொழும்பில் வேலை செய்றேன், என்ன செய்றது?” என்று கேட்பீங்க. நானும் கொழும்பில்தான். வேலையை விட்டுட்டு வரச் சொல்லல. மூன்று விஷயம் மட்டும். ஒன்று, மனநலக் கிளினிக்குகளில் தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்று பிரதேச செயலகத்துக்கும் சுகாதாரத் திணைக்களத்துக்கும் எழுதுவோம். நம்ம அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடும் காணியோடும் இதுவும் ஏறட்டும். இரண்டு, கிராம சேவகர் பிரிவின் முதியோர் சங்கத்தில் நம்ம ஆட்களும் இருக்கிறாங்களா என்று பார்ப்போம். மூன்று, யாரிடம் கதை வாங்கினோமோ அவங்ககிட்ட கமெரா இல்லாமல் திரும்பப் போவோம். அவசரம் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926. காது கேட்காத அம்மாயிக்கு அதை அழுத்திக் கொடுக்கவும் ஒரு ஆள் வேணும்.

அம்மாயி இப்போ மருந்து எடுக்கிறாங்க, கொஞ்சம் சாப்பிடுறாங்க. மாசத்தில் இரண்டு ஞாயிறு மாத்தளைக்கு பஸ் ஏறுகிறேன். போன வாரம் அண்ணன் கப்பலேறிய கதையை மறுபடி சொன்னாங்க. இந்தத் தடவை நான் எதையும் வெட்டல.